பட்டத்து மோதிரக் கல்

“ஐயா, இந்த ரெண்டுல எது மாணிக்கம்?”

குடிசைக்குள் நுழைந்ததும் மருதவாணன் வணக்கம்கூடச் சொல்லாமல் இதைத்தான் கேட்டார். அவருக்கு வயது நாற்பத்தெட்டு. இருபது வருடமாக அரண்மனையில் ரத்தினம் சோதிப்பவர். ஊரே கல்லைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடும். அவரோ இன்று தன் குருவிடம் ஓடி வந்திருந்தார். காவலுக்கு வந்த இரண்டு வீரர்கள் வாசலில் நின்றார்கள்.

குரு சிவக்கொழுந்தர் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“இதுல கிடக்கிற கல்லுன்னா சுலபமாச் சொல்லிடுவேன். உக்காரு.”

மருதவாணனுக்குச் சிரிப்பு வரவில்லை. மடியிலிருந்து இரண்டு சிவப்புக் கற்களை எடுத்து வைத்தார்.

ஒன்று, மன்னரின் பட்டத்து மோதிரத்திலிருந்து கழற்றியது. மற்றது, கதிர்காமன் என்ற ஈழத்து வணிகன் விற்க வந்தது. சபையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நிறம் ஒத்துப்போகவில்லை. உன் கல் போலி என்றார் மன்னர். என் கல் அசல், உங்கள் கல்லைச் சோதியுங்கள் என்றான் வணிகன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். இப்போது சிறையில் கிடக்கிறான்.

மாலைக்குள் மருதவாணன் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வணிகனின் கல் போலியென்றால் அவனுடைய வலது கையை வெட்டிவிடுவார்கள். மோதிரக் கல் போலியென்றால் என்ன நடக்கும் என்று மன்னர் சொல்லவில்லை. மருதவாணனைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். 

“தண்ணியில போட்டு எடை பாத்தியா?”

“பாத்தேன். சொல்ற மாதிரி வித்தியாசம் இல்ல.”

“ஒண்ணால ஒண்ணைக் கீறிப் பாத்தியா? மாணிக்கம்னா மத்ததைக் கீறும்.”

“பட்டத்துக் கல்லுல கீறல் விழுந்தா என் கழுத்துல விழுந்த மாதிரி, ஐயா.”

“வெயில்ல திருப்பிப் பாத்தியா?”

மருதவாணன் கற்களைக் குருவின் பக்கம் நகர்த்தினார்.

குரு வணிகனின் கல்லை ஜன்னல் வெயிலில் பிடித்தார். செம்பருத்திச் சிவப்பு. மெல்லத் திருப்பினார். அதே கல்லுக்குள் மாதுளம்பூவின் சிவப்பு தெரிந்தது.

மோதிரக் கல்லைப் பிடித்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே சிவப்பு.

“ரெண்டு சிவப்பு காட்டறதுதான் மாணிக்கம். உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே?”

“ஆமாங்க ஐயா.”

“காலையிலயே பாத்துட்ட.”

“நாலு தடவை பாத்தேன்.”

“அப்புறம் எதுக்கு இங்க வந்த?”

“நான் பாத்தது தப்புன்னு நீங்க சொல்லிட மாட்டீங்களான்னு வந்தேன்.”

குரு முறத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“இந்த மோதிரக் கல்லை மாணிக்கம்னு முதல்ல சொன்னது யாருன்னு தெரியுமா?”

“பெரிய மன்னர் காலத்துல யாரோ...”

“நான்தான்.”

மருதவாணன் குருவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“முப்பது வருஷம் ஆச்சு. அன்னிக்கும் ஒரே சிவப்புதான் தெரிஞ்சுது. பெரிய மன்னர் பக்கத்துலயே நின்னார். மாணிக்கம்னு சொல்லிட்டேன். சால்வை போத்தி அனுப்பினாங்க.”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“ஒண்ணும் ஆகல.”

மருதவாணனுக்குச் சட்டென்று ஓர் ஆசை வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டார்.

“அதோட பயம் போயிடுச்சா ஐயா?”

குரு இரண்டு கற்களையும் எடுத்தார். இடது கையில் வணிகனின் கல்லையும் வலது கையில் மோதிரக் கல்லையும் வைத்து முன்னால் நீட்டினார்.

வலது கை நடுங்கியது. வயதாகிவிட்டது, பாவம் என்று நினைத்தார் மருதவாணன்.

குரு கற்களைக் கை மாற்றினார். வலது கை அடங்கிவிட்டது. இப்போது மோதிரக் கல் இருந்த இடது கை நடுங்கியது.

மருதவாணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கற்களையும் வாங்கிக்கொண்டு எழுந்தார். வாசலுக்குப் போவதற்குள் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“மோதிரக் கல் மாணிக்கம் இல்ல” என்றார் வீரர்களிடம். “வாங்க, போகலாம்.”