விருந்துக் குழியின் மீன்முள்

ஏழு கடல் தாண்ட வேண்டாம்; ஒரு காயல் தாண்டினால் போதும், அங்கே ஓர் ஊர் இருந்தது. ஊர்த் திருவிழாவில் மீன் விருந்து முடிந்ததும் முள்ளையெல்லாம் ஒரே குழியில் கொட்டி மணலால் மூடுவார்கள். ஆண்டுக்கு ஓர் அடுக்கு.

அந்தக் குழியைத் தோண்ட வந்தவள் சுகிர்தா, முப்பது வயது ஆராய்ச்சிக்காரி. அவளிடம் பாடம் கேட்டவர் தாசய்யன். ஐம்பத்தெட்டு வயது, வலை இழுத்துக் காய்த்த கை.

"கந்தகத்துல கனமானது, லேசானதுன்னு உண்டு, அண்ணாச்சி. ஐசோடோப்னு பேரு. தண்ணி அழுகினா மீன்முள்ளுல லேசானது கூடிரும்."

பத்து வருடத்துக்கு முன் ஆலை வந்தது. அதற்குப் பிந்திய அடுக்கெல்லாம் அழுகல். ஆலைக்காரர்களோ, காயல் என்றைக்கும் இப்படித்தான் என்று சாதித்தார்கள். அன்று அதிகாரி முன்னால் விசாரணை. ஊர் தோற்றால் கழிவுக் குழாய் காயலிலேயே கிடக்கும்.

கிளம்பும்போது தாசய்யன் ஒரு பொட்டலத்தை மடியில் செருகினார்.

"என்ன அண்ணாச்சி, மடியில கனமா?"

அவர் வெளியே எடுத்தார்.

"ஆலைக்கு முப்பது வருசம் முந்தின முள்ளு, டீச்சர். இதுவும் அழுகல்னு வந்திருக்கு. அப்போ ஊரே தேங்காய் மட்டையைக் காயல்ல ஊறப்போட்டு அழுகவச்சுக் கயிறு திரிச்சோம். இதைக் காட்டினா ஆலைக்காரன் நம்மளைக் கிழிச்சுருவான். தோக்கிறதுக்கு நாமளே வழி காட்டணுமா?"

சுகிர்தா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். விசாரணை மேசையில் அந்தப் பொட்டலத்தைத்தான் முதலில் பிரித்து வைத்தாள். எந்த வருடத்தது, என்ன சொல்கிறது என்றும் சொன்னாள்.

ஆலை மேலாளர் கைதட்டாத குறை. "அப்போ எங்க ஆலையே கிடையாதே! கெடுத்தது யாரு?"

சுகிர்தா தாசய்யனைப் பார்த்தாள். அவர் எழுந்தார்.

"நாங்கதான்."

"அப்புறம் எங்களை என்ன கேள்வி?"

சுகிர்தா அடுத்ததைப் பிரித்தாள். "இது அதுக்கு மூணு வருசம் பிந்தினது. இதுலயிருந்து ஆலை வர்ற வரைக்கும் முள்ளு சுத்தம். எப்படி, அண்ணாச்சி?"

தாசய்யனின் குரல் ஏறியது. "மீன் செத்து மிதந்துச்சு. கழுத்தளவு நாத்தத் தண்ணியில ஊரே இறங்கி மட்டையை அள்ளிக் கரையேத்துனோம். பல வீட்டுல அடுப்பெரியல. ஆனா மறுபடி ஒரு மட்டை ஊறப்போடல."

மேலாளரின் சிரிப்பு சுருங்கியது. "அது மட்டை, மேடம். இது ஆலைக் குழாய். எடுக்கிறதுன்னா லேசா?"

"அவங்க வெறுங்கையால எடுத்தாங்க," என்றாள் சுகிர்தா. "உங்ககிட்ட கிரேன் இருக்கு."

குழாயை எடுக்கச் சொல்லி அதிகாரி எழுதினார். கூட்டம் கலைந்தது. கடைசியாக எழுந்து போனவர் மேலாளர்.