அமாவாசைக் கஞ்சி

அடுப்பில் கஞ்சியை ஏற்றிவிட்டு, வேறு எதற்கோ வாசலுக்கு ஓடியிருக்கிறீர்களா? ஓடியிருந்தால் ஏகாம்பரத்தின் மேல் உங்களுக்குக் கோபமே வராது.

ஆனைக்கல் மலையடிவாரத்தில் ஒரு மடம். அங்கே குரு பூரணத்தம்மை. எல்லாருக்கும் 'அம்மை'. சீடர் ஏகாம்பரம் அவரைவிட வயதில் ரொம்ப மூத்தவர். முன்பு பண்ணையில் காரியஸ்தராக இருந்தவர். எதையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அவரிடம்தான் மலைக்காட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அம்மை விட்டிருந்தார்.

அடிவாரத்து ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. தை பிறந்ததும் ஊர் கூடி மலையில் ஒரு சரிவை அந்த வருஷத்துக்கு மூடும். அந்தப் பாதையில் நிற்கிற மரத்தில் வேப்பங்கொத்து கட்டிவிடுவார்கள். கட்டியாச்சு என்றால் அரிவாளும் தாண்டாது, ஆடும் தாண்டாது. மற்ற சரிவுகளில் கூரைக்குப் புல் அறுப்பார்கள், சுள்ளி பொறுக்குவார்கள்.

ஏகாம்பரம் வந்த வேகத்தில், காய்ந்த கொத்தைக் குப்பை என்று அறுத்துப் போட்டார். அடிவாரம் முழுக்க முள்வேலி அடைத்தார். ஒரு சரிவு என்ன, எல்லாச் சரிவும் மூடல்தான்.

புல் இடுப்பளவு வளர்ந்தது. "பாருங்கம்மை, என்னமா செழிச்சிருக்கு!" என்று பூரித்துப் போனார்.

பங்குனியில் அந்தப் புல்லில் தீப்பிடித்தது. பச்சைக் கொப்பை ஒடித்துத் தனியாளாக அடித்து அடித்துப் பார்த்தார். மீசை பொசுங்கியதுதான் மிச்சம். கீழ்ச்சரிவு கரியாகிப் போனது. நடுவில் பெரும்பாறை கிடந்ததால் மேல்சரிவு தப்பியது. ஊருக்கும் மடத்துக்கும் தண்ணீர் தருகிற ஊற்று அங்கேதான் இருக்கிறது. அங்கேயும் புல் காய்ந்து நிற்கிறது. சித்திரை வெயிலோ இனிமேல்தான்.

மறுநாள் காலை ஏகாம்பரம் அம்மை முன்னால் வந்து நின்றார்.

"காடு எரியுது, ஊரே வேலிக்கு வெளிய நின்னு வேடிக்கை பாக்குது. ஒருத்தர் கை நீட்டலை. இந்த ஜனங்களை வச்சுக்கிட்டு மேல்சரிவை எப்படிம்மை காப்பாத்துறது? வேலியை இன்னும் ஒசத்தவா?"

அம்மை கம்பு புடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு அமாவாசைக் கஞ்சி. நீங்க ஒருத்தரே காய்ச்சுங்க. வேற யாரும் அடுப்புகிட்ட வரக்கூடாது."

"இவ்வளவுதானே!"

அடுப்பைச் சுற்றிச் சாம்பலால் கோடு போட்டார் ஏகாம்பரம். அண்டா ஏறியது.

ஊர்ப் பெண்கள் வந்தார்கள். அமாவாசைதோறும் மாறி மாறிக் கஞ்சி கிண்டுகிறவர்கள் அவர்கள்தான். குருவம்மா வழக்கம்போல் துடுப்பை எடுக்கப் போனாள்.

"கோட்டைத் தாண்டாதே!"

"ஒரு கிண்டு கிண்டிவிடலாம்னு வந்தேன் சாமி."

"எனக்குக் கை இல்லையா? அங்கேயே உக்காரு."

"உக்காருங்கடி," என்றாள் குருவம்மா. "சாமிக்கு மிச்ச மீசையும் வேண்டாமாம்."

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் கிண்டினார். அதற்குள் ஒரு ஆடு வந்து பந்திக்கு அறுத்து வைத்திருந்த வாழையிலையை இழுத்தது. துரத்திக்கொண்டு ஓடினார். திரும்பி வரும்போது காயப்போட்ட கம்பில் கோழி மேய்ந்தது. அதையும் துரத்தினார். மூச்சிரைக்க வந்தவரின் மூக்கில் ஏறியது கருகல் வாசம்.

"ஐயோ, அடிப்பிடிச்சிருச்சே! குருவம்மா, உனக்கு வாசம் வரலையா?"

"நல்லா வந்துச்சு சாமி. உங்களுக்கு முன்னாடியே வந்துச்சு."

"அப்ப எந்திரிச்சு வந்து கிண்டியிருக்கலாமில்ல? துடுப்பு இங்கதானே கிடக்கு!"

"கோடும் அங்கதானே கிடக்கு சாமி."

ஏகாம்பரம் குனிந்து கோட்டைப் பார்த்தார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அன்றைக்கு எல்லாரும் கருகல் கஞ்சிதான் குடித்தார்கள். அம்மை இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்தார். ஏகாம்பரம் மட்டும் கலயத்தைத் தொடவில்லை.

"அம்மை, வேலியைப் பிரிச்சுட்டா நாளைக்கே மரத்தையும் வெட்டிட்டுப் போயிட மாட்டாங்களா?"

"இத்தனை அமாவாசையும் துடுப்பு யார் கையில இருந்துச்சு?"

"அவங்க கையிலதான்."

"என்னைக்காவது அண்டாவைத் தூக்கிட்டுப் போனாங்களா?"

ஏகாம்பரம் கலயத்தைக் கையில் எடுத்தார். ஆறிப்போன கஞ்சியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். முற்றத்து வேம்பில் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு, அண்டா தேய்த்துக்கொண்டிருந்த குருவம்மாவிடம் போனார்.

"இதை எங்க கட்டணும் தாயி?"

குருவம்மா கொத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கையிலிருந்த சாம்பலைக் கழுவினாள்.

"எந்தச் சரிவுன்னு ஊரு கூடித்தான் சொல்லணும் சாமி. அதுக்கு முன்னாடி மேல்சரிவுப் புல்லை அறுத்தாகணும். விட்டா இந்த வெயிலுக்கு ஊத்தும் போயிரும்."

"கூப்பிட்டா வருவாங்களா?"

"இவ்வளவு நாளும் யாரு கூப்பிட்டா?"

ஏகாம்பரம் பொசுங்கிய மீசையைத் தடவிக்கொண்டார். இடுப்புச் சாவி குலுங்க, வேலிப் பக்கம் இரண்டடி நடந்து திரும்பினார்.

"நான் போயி வேலியைப் பிரிக்கிறேன். நீ ஊரைக் கூப்பிடு தாயி. வர்றப்ப எனக்கும் ஒரு அரிவாள் கொண்டாரச் சொல்லு."