எந்தக் காலில் முதல் பட்டன்

“எங்கே ஆரம்பிச்சதுன்னு மட்டும் சொல்லிப்போடுங்க மாஸ்டர். அது தெரிஞ்சாப் போதும். நாளைக்கு நாலு பேர் முன்னாடி தைரியமா உட்காருவேன்.”

ரேணுகாதேவி கேட்டது தையலைப் பற்றி அல்ல, தன் குடும்பத்தைப் பற்றி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் பக்கத்துப் பெரியவர்களும் அவள் கணவன் மகுடபதி பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, இருவரையும் பிரித்துவிடுவது என்று ஏற்பாடு.

மைமூன் பல்லில் கடித்திருந்த நூலை எடுத்தாள்.

“அந்த ராம்பரை எடுங்கக்கா.”

அவ்வளவுதான் பதில்.

மைமூன் திருப்பூரில் குழந்தை உடுப்பு தைத்து விற்கிறவள். ரேணுகாவைவிட நாலைந்து வயது இளையவள். தொழில் கற்றுத்தருவதால் அவள் மாஸ்டர். வயதில் மூத்தவள் என்பதால் ரேணுகா அக்கா. மரியாதை இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டிருந்தது.

அந்தக் கடைக்கு உடுப்பு வாங்க வருகிறவர்களைவிட, மனக்குழப்பத்தோடு வழி கேட்டு வருகிறவர்கள் அதிகம். வந்தவர் கையில் ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்துவிடுவாள் மைமூன். பாதிப்பேர் அதற்கப்புறம் அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

ரேணுகா தங்கிவிட்டாள். அம்மா வீட்டில் எத்தனை நாள் கையேந்தி நிற்பது? அவளுக்கு ஒரு தொழில் வேண்டியிருந்தது. அதோடு ஒரு பதிலும்.

ராம்பரை மடியில் போட்டுக்கொண்டாள். உடம்பும் காலும் சேர்த்துத் தைத்த குழந்தை உடுப்பு அது. இந்தக் கணுக்காலில் தொடங்கி, இரண்டு காலும் சேரும் இடத்தில் வளைந்து, அந்தக் கணுக்கால் வரைக்கும் டிச் பட்டன் வரிசையாக வர வேண்டும். முன்துணியில் குமிழ், பின்துணியில் குழி. அழுத்தினால் மூடிக்கொள்ளும், இழுத்தால் திறந்துகொள்ளும்.

இடது கணுக்காலில் ஊசியைக் குத்தினாள்.

“என்னைக் கேட்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வேலையை விட்டுட்டு வந்து நின்னாரே, அன்னைக்குத்தான் ஆரம்பம்.”

“சரிங்க.”

“அவரைக் கேட்டா, நான் அவங்க அக்கா முன்னால ‘இவருக்குப் பொறுப்புன்னா என்னன்னே தெரியாது’ன்னு சொன்னேனாம். அன்னைக்குத்தான் ஆரம்பமாம்.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன். ஆனா அது அப்புறம்.”

“சரிங்க.”

மைமூனின் ‘சரிங்க’வுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குமே பிடிபட்டதில்லை. ரேணுகாவுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலோடு வலது கணுக்கால் வரை தைத்து முடித்தாள்.

பனியன் துணி கொஞ்சம் இழுபடும். ஒவ்வொரு பட்டனிலும் நூலளவு நகர்ந்து, கடைசியில் ஒரு விரற்கடை துணி மிஞ்சிவிட்டது. வலது கணுக்காலில் குமிழ் ஓர் இடத்தில், குழி வேறோர் இடத்தில்.

“பிரிங்க,” என்றாள் மைமூன்.

பிரித்தாள். இந்தத் தடவை வலது கணுக்காலில் ஆரம்பித்தாள். மிச்சத் துணி இப்போது இடது கணுக்காலில் வந்து நின்றது.

“எந்தக் காலுங்க மாஸ்டர் தப்பு?”

“ரெண்டும் ஒரே குழந்தையோட காலுதானுங்க.”

இதுவும் ஒரு பதிலா? ரேணுகா உடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சும்மா சொல்லக் கூடாது, எரிச்சல் போய் இப்போது அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. எந்தப் பக்கம் ஆரம்பித்தாலும் எதிர்ப்பக்கம் கெட்டுப்போகிறதே, எப்படி?

வாசலில் வண்டிச் சத்தம். மகுடபதி வந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் மகனைப் பார்க்க வருவது அவன் வழக்கம். மாமியார் வீட்டு வாசலை மிதிக்க ரோஷம் விடவில்லை, அதனால் இங்கே. ரேணுகா அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனும் அவளை விட்டுவிட்டு மேஜையடியில் துண்டுத்துணிகளுக்கு நடுவே தவழ்ந்துகொண்டிருந்த இனியனைப் பார்த்தான்.

“வாங்க கண்ணு,” என்று தூக்கினான். தூக்கிய கையெல்லாம் ஈரம்.

மைமூன் தான் தைத்து வைத்திருந்த வேறொரு ராம்பரை எடுத்து மேஜைமேல் போட்டாள்.

“நான் ஊசி கோத்துட்டிருக்கேனுங்க. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து மாத்திவிடுங்க.”

ஒரு ஊசி கோக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் மாஸ்டரிடம் யார் கேட்பது?

வெட்டுமேஜையில் குழந்தையைக் கிடத்தினார்கள். அவள் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். ஈரத்தைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். அவள் இடது கணுக்காலிலிருந்து பட்டனை அழுத்திக்கொண்டு வந்தாள். அவன் வலது கணுக்காலிலிருந்து வந்தான். இனியன் இரண்டு பேரையும் சமமாக உதைத்தான்.

இரண்டு வரிசையும் சந்திக்கும் இடத்தில் ஒரு குழி மிஞ்சியது. அதற்குக் குமிழ் இல்லை.

“உங்க பக்கம் ஒன்னு விட்டுப்போச்சு,” என்றாள்.

“என்ற பக்கம் சரியாத்தான் இருக்குது. உன்ற பக்கத்தைப் பாரு.”

“பார்த்தாச்சு.”

“எங்கிருந்து ஆரம்பிச்சே?”

“கணுக்கால்ல இருந்து. நீங்க?”

“நானும் கணுக்கால்ல இருந்துதான்.”

எத்தனையோ மாதம் கழித்து இருவரும் பேசிய பேச்சு இது. அதிலும் வழக்குத்தான்.

இருவரும் அவரவர் பக்கத்தைத் திறந்து, மறுபடி அவரவர் கணுக்காலிலிருந்து வந்தார்கள். இந்தத் தடவை ஒரு குமிழ் மிஞ்சியது. குழந்தை பொறுமை இழந்து வீறிட்டான்.

“அவனை அழ வைக்கறே.”

“நானா?”

மைமூன் எழுந்து வந்தாள். வரிசை முழுவதையும் ஒரே இழுப்பில் படபடவென்று திறந்தாள். அவள் பக்கம், அவன் பக்கம் என்று பார்க்கவில்லை.

பிறகு ஒன்றே ஒன்றை மட்டும் அழுத்தினாள். இரண்டு காலும் சேருகிற இடத்தில் இருக்கும் பட்டனை.

போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அழுகை விக்கலாகக் குறைந்தது. ரேணுகா அந்த ஒற்றைப் பட்டனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெதுவாக, அதற்கு அடுத்ததை அழுத்தினாள். மகுடபதி அவன் பக்கத்தில் அடுத்ததை அழுத்தினான். அவள் ஒன்று, அவன் ஒன்று. கணுக்கால் வரைக்கும் போனார்கள். எதுவும் மிஞ்சவில்லை.

மகுடபதி குழந்தையின் பாதத்தை விடாமல் பிடித்திருந்தான்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க?” என்று கேட்டான்.

எங்கே ஆரம்பித்தது என்று காலையிலிருந்து ரேணுகா கேட்டுக்கொண்டிருந்த கேள்வி நாக்கு நுனியில்தான் இருந்தது. அதை அவள் கேட்கவில்லை.

“பெரியவங்க யாரும் வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க,” என்றாள். “நீங்க மட்டும் வாங்க.”