ஜமீனின் தொட்டிக்கு ஒரு வேலையாள்

"டீச்சர், ஒரு நத்தைகூடத் தங்க மாட்டேங்குது."

பல் டாக்டர் நல்லபெருமாள் கையில் இருந்த பையை மேசையில் கவிழ்த்தார். காலி ஓடுகள் கலகலவென்று விழுந்தன. சிலது முழுசு. பலது நொறுங்கியிருந்தது.

ஜெனோவா டீச்சர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல பல்லு," என்றார்.

டாக்டரால் அதை மறுக்க முடியவில்லை. ஊர்ப் பல்லையெல்லாம் பார்க்கிறவர்.

தூத்துக்குடியில் கடல்மீன் வளர்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் என்றால் ஜெனோவா டீச்சரிடம்தான் வருவார்கள். கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். வேலையை விட்டுவிட்டு வீட்டுக் கீழ்த்தளம் முழுக்க உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார். வயதில் டாக்டரைவிட இளையவர். அதனால் என்ன, கேட்க வேண்டியவரிடம்தானே கேட்க வேண்டும்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த உயிரை வாங்க வந்தாலும் இரண்டு கேள்வி கேட்பார். நாளைக்கு இது எதைத் தின்னும்? நாளைக்கு இதை எது தின்னும்? இரண்டுக்கும் பதில் சொன்னால்தான் வலை தண்ணீரில் இறங்கும். அவசரப்பட்டால் காபி கிடைக்கும். மீன் கிடைக்காது.

டாக்டருக்கு அன்றைக்குக் காபி வந்தது.

"விவரமாச் சொல்லுங்க."

டாக்டர் சொன்னார். கிளினிக்கின் வரவேற்பறையில் ஒரு பெரிய தொட்டி. அதில் ஒரே மீன், கிளாத்தி. தடித்த தோல், சிப்பியையே கடித்து உடைக்கிற வாய். குட்டியாக இதே டீச்சரிடம் வாங்கியதுதான். இப்போது ஒரு தோசைக்கரண்டி அகலத்துக்கு வளர்ந்து நிற்கிறது. பெயர் ஜமீன்.

ஜமீனுக்கு ஒரு குறையும் இல்லை. தொட்டிதான் நாறுகிறது. கண்ணாடியில் பச்சைப் பாசி. மணலில் கறுப்புக் கறுப்பாக ஏதோ அழுகல்.

"சுத்தம் பண்ற பிராணி விட்டாச் சரியாப் போகும்னாங்க. நத்தை விட்டேன், தின்னுட்டான். சங்குக்குள்ள இருக்கிற நண்டு விட்டேன், சங்கோட கடிச்சு நண்டை உருவிட்டான். இறால் விட்டேன். தண்ணியில விழுந்ததுதான் தெரியும்."

"வீட்ல என்ன சொல்லுதாங்க?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். அவர் மனைவி கல்பனாவும் பல் டாக்டர். அதே கிளினிக், பக்கத்து அறை.

"வாயைத் திறக்க வாரவங்கல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறாங்கன்னு சொல்லுதா. ஞாயித்துக்கிழமை ஆள் வருது. தொட்டியைத் தூக்கிருவாங்க."

"மீனு?"

"உங்ககிட்டயே திருப்பிக் குடுக்கணுமாம்." டாக்டர் நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டார். "டீச்சர், நான் வெளிப்படையாச் சொல்லுதேன். என்னைப் பாத்தா ஊர்ல எல்லாருக்கும் பயம். நாற்காலியில உக்காரும்போதே கண்ணை மூடிக்கிடுதாங்க. என்னைப் பாத்து சந்தோசமா ஓடி வாரது ஜமீன் ஒருத்தன்தான். அவனைக் குடுக்க என்னால முடியாது. நல்ல கெட்டி ஓடா, அவன் பல்லுக்குத் தாங்குற மாதிரி ஒரு நத்தை பாத்துக் குடுங்க."

டீச்சர் எழுந்து ஒரு தொட்டியிலிருந்து பெரிய நத்தை ஒன்றை எடுத்து வந்தார். எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. டாக்டரின் உள்ளங்கையில் வைத்தார்.

"வேலைக்கு ஆள் எடுக்கீங்க. நான் இவரு சார்பாக் கேக்கேன். என்ன வேலை?"

டாக்டர் சிரித்தார். "பாசி திங்கிற வேலை."

"சம்பளம்?"

"அதே பாசிதான்."

"தங்குற இடம்?"

"அங்கேயேதான்."

"முன்னாடி அந்த வேலையைப் பாத்தவங்க யாராவது இருந்தாச் சொல்லுங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரோம்."

டாக்டர் மேசையைப் பார்த்தார். ஓடுகள் கிடந்தன. சிரிப்பு நின்றுவிட்டது.

டீச்சர் நத்தையை எடுத்துத் தொட்டியிலேயே விட்டுவிட்டார்.

"சரி, நத்தை வேண்டாம்," என்றார் டாக்டர். விடுகிற ஆள் இல்லை. "நட்சத்திர மீன்?"

"அஞ்சு கை. ஒவ்வொண்ணாத் திம்பான்."

"கடல் அட்டை?"

"அதைப் பிடிச்சா உங்களையும் பிடிப்பாங்க. சட்டம் அப்பிடி."

"அப்போ முள்ளு உள்ளது. கடல் முள்ளெலி! உடம்பெல்லாம் ஊசி. எந்த வாய் அதுகிட்ட வரும்?"

டீச்சர் அவரையே பார்த்தார்.

"நாளைக்கு அதை எது தின்னும்?"

"ஒண்ணும் திங்காது."

"நிச்சயமா?"

"நான் பல் டாக்டர், டீச்சர். எந்தப் பல்லு எதைக் கடிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

டீச்சர் வலையைத் தொடவில்லை. இன்னொரு காபி வந்தது.

டாக்டர் அதைக் குடிக்காமலே கிளம்பினார். நேரே மீன்பிடித் துறைமுகம் போனார். வலையில் சிக்கிய முள்ளெலி ஒன்றை, யாரும் சீந்தாமல் கிடந்ததை, ஒரு வாளியில் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் திரும்பி வந்தார். இந்த முறை கையில் பை இல்லை.

"சொல்லுங்க," என்றார் டீச்சர்.

"முதல்ல சுத்திச் சுத்தி வந்தான். முள்ளைப் பாத்தான். கிட்ட வரல. ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன்."

"பெறவு?"

"கீழ போனான். மணலுக்குப் பக்கத்துல நின்னு வாயால தண்ணியை ஊதினான் டீச்சர்! புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதி ஊதி அதைக் கவுத்துப் போட்டுட்டான். அடிப்பக்கம் முள்ளு குட்டை. அங்கதான் அதுக்கு வாயி. அங்க ஒரு கடி. அவ்வளவுதான். நான் இத்தனை வருசமாப் பல்லைப் பாக்கேன், இப்பிடி ஒரு மூளையைப் பாத்ததில்ல."

சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மலர்ந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையைப் பற்றிப் பேசுகிற தகப்பன் மாதிரி இருந்தார்.

"பெருமையா இருக்கோ?"

டாக்டர் வாயை மூடிக்கொண்டார். அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"முள்ளெலி எவ்வளவு நேரம் உயிரோட கெடந்துச்சு?"

"பாக்கல."

"ஏன்?"

"ஜமீனைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

டீச்சர் ஒரு தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். காபியும் வரவில்லை. அதுதான் டாக்டருக்கு உறைத்தது.

வாசல்வரை போனவர் திரும்பினார். "நாளைக்கு ஞாயிறு டீச்சர். ஆள் வந்துரும். ஒரு வழி சொல்லுங்க."

"காலையில நானே வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்கு விடுமுறை. ஆனாலும் டாக்டர் விடிந்ததும் வந்து திறந்துவைத்திருந்தார். டீச்சர் வெறும் ஆளாக வந்தார். வாளி இல்லை, பை இல்லை. டாக்டருக்கு ஏமாற்றம்.

"ஒண்ணும் கொண்டு வரலியா?"

"முதல்ல ஜமீனைக் காட்டுங்க."

கண்ணாடி பச்சையாக இருந்தது. உள்ளே ஒரு நிழல் போய் வந்தது. டாக்டர் தொட்டியின் மூடியைத் திறந்ததும் நிழல் விர்ரென்று மேலே ஏறியது. தண்ணீருக்கு வெளியே ஒரு வாய் தெரிந்தது.

"பாத்தீங்களா! கையிலேருந்துதான் வாங்குவான்." டாக்டர் ஒரு இறால் துண்டை விரல் நுனியில் நீட்டினார். ஜமீன் லபக்கென்று வாங்கிக்கொண்டது. பாதி துண்டு வாயோரமாக நழுவி மணலுக்குப் போனது.

"ஒரு நாளைக்கு எத்தனை தரம் இப்பிடி?"

"கணக்கு இல்ல. பிள்ளைங்க வந்தா, மாமா ஒரு தரம் காட்டுங்கன்னு கேக்கும். யாராவது அழுதா நானே காட்டுவேன்."

"விழுந்த பாதி?"

டாக்டர் மணலைப் பார்த்தார். கறுப்புக் கறுப்பாகக் கிடந்தது.

"அதை எடுக்கத்தான் டீச்சர் பிராணி கேக்கேன்."

"இந்த மூடியை எப்பல்லாம் திறப்பீங்க?"

"அவனுக்குச் சோறு போட."

"வேற எதுக்கும் திறந்தது இல்ல?"

"இல்ல." டாக்டர் யோசித்தார். "நத்தையை உள்ள விட."

"யாரு கையால?"

"என் கையாலதான்."

"நண்டு?"

"நான்தான்."

"இறாலு? முள்ளெலி?"

டாக்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். விரல் நுனியில் இறால் வாடை இன்னும் இருந்தது. ஜமீன் அந்த விரலையே பார்த்தபடி தண்ணீரில் நின்றது. இந்தக் கை எதை நீட்டியும் அது இன்றுவரை வேண்டாமென்று சொன்னதில்லை.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் விட்டதையெல்லாம் அவன் விருந்துன்னு நெனச்சிருக்கான்."

"அவன் மேல தப்பு இல்ல," என்றார் டீச்சர்.

வெளியே ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கல்பனாவின் குரலும் கேட்டது. தொட்டியைத் தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"இப்ப என்ன செய்ய டீச்சர்?"

"கையைக் கழுவிட்டு வாங்க. சோப்பு போடக் கூடாது. நல்ல தண்ணியில, வாடை போற மட்டும்."

டாக்டர் கழுவிவிட்டு வந்தார். டீச்சர் தொட்டியைக் காட்டினார்.

"உள்ள விடுங்க."

"எதை?"

"கையைத்தான். கண்ணாடியைத் தேய்க்கணும். மணலைக் கிளறி அழுகலைப் பொறுக்கணும். தினமும்."

டாக்டர் கையை நீட்டினார். தண்ணீருக்கு மேலேயே அது நின்றுவிட்டது.

ஜமீன் மேலே ஏறி வந்து வாயைத் திறந்து காத்திருந்தது.

"கடிச்சிருவான் டீச்சர்."

"கடிப்பானா?"

"கையில ஒண்ணும் இல்லியே. விரலைத்தான் இறால்னு நெனப்பான். நீங்க அவன் பல்லைப் பாத்தீங்கள்லா? நகத்தோட போயிரும். எனக்குத் தொழிலே இந்த விரல்தான்."

"பயமா இருக்கா?"

"பயமா இருக்கு."

"நத்தையை விட்டப்ப இருந்துச்சா?"

டாக்டர் அப்படியே நின்றார். கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு சட்டைக்கையை மடித்தார். தோள்வரை மடித்தார். கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

ஜமீன் வந்தது. விரல்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. உள்ளங்கையைப் பார்த்தது. ஒன்றும் இல்லை. இன்னொரு வட்டம் போட்டு, ஆள்காட்டி விரலைப் பிடித்து ஒரு கடி கடித்தது.

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். தண்ணீரில் மெல்லிய சிவப்பு பரவியது. கையை எடுக்கவில்லை. மணலைத் தடவி ஒரு அழுகல் துண்டை எடுத்து வெளியே போட்டார். மறுபடி விட்டார். இன்னொன்றை எடுத்தார். மேசையில் இருந்த ஒரு பஞ்சை எடுத்துக் கண்ணாடியைத் தேய்த்தார். முகம் அளவுக்கு ஒரு இடம் வெளுத்தது.

ஜமீன் கொஞ்சம் தள்ளி நின்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இது அதற்குப் புதுசு.

கல்பனா ஆட்களோடு உள்ளே வந்தாள். வெளுத்த இடத்தின் வழியாக மீன் தெரிந்தது. மீனுக்குப் பின்னால், தோள்வரை நனைந்து, புருசன் தெரிந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் ஒரு டம்ளரைக் கழுவி அவள் பார்த்ததில்லை.

"தூக்கலாமாம்மா?" என்று கேட்டார்கள் வந்தவர்கள்.

கல்பனா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் சன்னலைப் பார்த்தார்.

"இன்னிக்கு வேண்டாம். நீங்க போங்க," என்றாள் கல்பனா.

அவர்கள் போனதும் கிட்டே வந்தாள். அப்போதுதான் ரத்தத்தைக் கவனித்தாள்.

"என்னங்க இது! விரல் போச்சுன்னா எப்பிடிங்க பல்லு பிடுங்குவீங்க?" பதறிப்போய்த் தன் அறைக்கு ஓடி ஒரு ஜோடி ரப்பர் கையுறையோடு வந்தாள். "கையை எடுங்க. இதைப் போட்டுக்கிட்டுச் செய்யுங்க."

ஜமீன் மெல்ல மறுபடி கிட்டே வந்துகொண்டிருந்தது.

"வேண்டாம்," என்றார் டாக்டர், கையை எடுக்காமல். "வெறுங்கை எப்பிடி இருக்கும்னு அவன் தெரிஞ்சுக்கிடட்டும்."