நான்கு கூழாங்கற்களைக் காத்த கீரி

அல்லிக்குளத்துக் கரையில் காட்டுப் பல்கலைக்கழகம். அங்கே அன்று அறநெறிப் பயிலரங்கம். நடத்தியவர் ஆமைப் பேராசிரியர்.

வருகைப் பதிவேடு சுற்றி வந்தது. நரி கையெழுத்துப் போட்டது. குரங்கு தனக்கும் போட்டு, வராத தம்பிக்கும் சேர்த்துப் போட்டது. அறநெறிப் பயிலரங்கம் அல்லவா! பிறகு சுண்டல் வந்தது. சுண்டல் தீர்ந்ததும் கூட்டமும் கலைந்தது.

மிஞ்சியது ஒரே ஒரு கீரி. கடைசியில் இன்னொரு பொட்டலம் தருவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் இருந்தது.

ஆமைக்கு முகம் வாடிவிட்டது. "இந்தத் தடவையும் ஆள் நிற்கவில்லை என்றால் பயிலரங்கத்தை மூடிவிடுவோம்" என்று துணைவேந்தர் யானை முன்பே எச்சரித்திருந்தது. இருந்தாலும், வந்த ஒருவரை வெறுங்கையோடு அனுப்ப ஆமைக்கு மனம் வரவில்லை.

"கீரியாரே, பேச்சு வேண்டாம், பயிற்சி செய்வோம். இந்த நான்கு கூழாங்கற்களும் முட்டைகள். நீங்கள்தான் திறந்த தரையில் முட்டையிட்டு அடைகாக்கும் ஆட்காட்டிக் குருவி. நான் மணி அடிக்கும்வரை காக்க வேண்டும்!"

"நான் முட்டை தின்கிறவன் ஐயா! காக்கிறவன் இல்லை!"

"அதனால்தான் உங்களிடம் தருகிறேன்!"

பொட்டலத்தை நினைத்துக் கீரி உட்கார்ந்தது. வெயில் முதுகைப் பொசுக்கியது. நாக்கு வறண்டது. குளம் பத்தடி தூரத்தில்தான். எழுந்து போகலாம் என்று பார்த்தால், ஒரு காகம் கல்லை முட்டை என்று நம்பி இறங்கி வந்தது.

"போ அந்தப் பக்கம்!" என்று கீரி சீறியது. சீறிய பிறகு அதற்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

'வெறும் கல்லுக்கே எனக்கு இவ்வளவு பதறுகிறதே! அந்தக் குருவிக்கு எப்படி இருந்திருக்கும்?' போன மாதம் ஆட்காட்டியின் முட்டைகளைத் தின்றது வேறு யாரும் இல்லை, இந்தக் கீரியேதான். மணி அடித்தது. பொட்டலமும் கிடைத்தது. ஆனால் கீரி அதைப் பிரிக்கவே இல்லை.

அடுத்த வாரம் ஆட்காட்டி கரையோரத்தில் மறுபடியும் நான்கு முட்டைகள் இட்டிருந்தது. அது தண்ணீர் குடிக்கப் போன நேரம். காகம் இறங்கியது. கீரி பாய்ந்தது, காகத்தின் மேல்!

திரும்பி வந்த ஆட்காட்டி, முட்டைகளின் பக்கத்தில் கீரியைப் பார்த்து அலறியது. "ஐயையோ! இந்தத் தடவையும் போச்சே!"

"எண்ணிப் பாரம்மா" என்றது கீரி.

நான்கும் இருந்தன. ஆட்காட்டி ஓடிவந்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டது. கீரி கேட்டது:

"வயிறாரத் தண்ணீர் குடித்தாயா? வெயிலில் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்மா. ஆமை ஐயாவின் பயிலரங்கத்தில் நானும் உட்கார்ந்தேன். போன மாதம் உன் முட்டைகளைத் தின்றதற்கு என்னை மன்னித்துவிடு."

மறுமாதம் பல்கலைக்கழகத்தில் கூட்டம். ஆமையும் கீரியும் வந்திருந்தன; எல்லோருக்கும் சுண்டலும் வந்தது. யானை பதிவேட்டைப் புரட்டியது. "கடைசிவரை இருந்தவர் ஒரே ஒருவர்! எதற்கு இந்தப் பயிலரங்கம்? மூடிவிடலாம்!"

"கொஞ்சம் பொறுங்கள் ஐயா!" ஆட்காட்டி உள்ளே வந்தது. பின்னாலேயே தத்தித் தத்தி நான்கு குஞ்சுகள். "அந்த ஒருவர் இருந்ததால்தான் இந்த நான்கு பேரும் இருக்கிறார்கள். ஆமை ஐயா, உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இவர்களையும் கூட்டி வந்தேன். கீரி அண்ணா, உங்களுக்கும்தான்!"

ஆமையின் கண் நிறைந்தது. யானை அடுத்த பயிலரங்கத்துக்கு நாள் குறித்தது. கீரி தன் சுண்டலைக் குஞ்சுகளின் முன்னால் நகர்த்தி வைத்தது.

கேட்பவர் ஒருவரே ஆனாலும் நல்லதைச் சொல்லத் தயங்கக் கூடாது. அந்த ஒருவர் அதன்படி நடந்தால், சொன்னவருக்கு அதைவிடப் பெரிய நன்றி வேறில்லை.