மேடைக்கு அடியில் எறிதல்

பக்கவாதம் வந்த மறு வருடம் தவயோகம் மீன்பிடிக்கப் பழக வந்தார். ரொறன்ரோவில் பஸ் ஓட்டியவர். பேச்சு திரும்பிவிட்டது, நடை திரும்பிவிட்டது. வலது கையும் தூக்கினால் எழும், மடக்கினால் மடங்கும். அந்தக் கையின் பெருவிரலில் மட்டும் உணர்ச்சி இல்லை. கொதிக்கிற தேத்தண்ணிக் கோப்பையைத் தொட்டாலும் சுடாது.

பழக்கியவள் கௌசிகா. அவரைவிட வயதில் நன்றாக இளையவள். ஏரிகளில் நடக்கும் பாஸ் மீன் பிடிக்கும் போட்டிகளில் பெயர் எடுத்தவள். அவர் அவளை ரீச்சர் என்றார். அவள் அவரை அண்ணை என்றாள்.

"இடது கையால எறியலாமே, அண்ணை?"

"அது ஏலும். எனக்கு இந்தக் கையாலதான் எறியவேணும்."

அவள் படகை ஏரியின் ஓரமாகக் கொண்டுபோனாள். கரையில் வீட்டுக்காரர்கள் தங்கள் படகுகளைக் கட்டத் தண்ணீர்மேல் மரமேடைகள் அடித்திருந்தார்கள். வெயில் ஏறினால் பெரிய பாஸ் மீன்கள் அந்த மேடைகளுக்கு அடியில்தான் கிடக்கும். பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மேலிருந்து எறிந்து அதற்குள் போக முடியாது. பக்கவாட்டில் தாழ்த்தி வீசவேண்டும். தூண்டில் தண்ணீரில் தட்டித் தட்டித் தத்திப்போய் நிழலுக்குள் நுழையவேண்டும்.

அவள் நூலில் கட்டிக் கொடுத்த ஜிக் என்னும் போலி இரை கோழிமுட்டை அளவு இருந்தது. ஈயத் தலை, றப்பர் குஞ்சம், பின்னால் நண்டுக்கால் மாதிரி ஒரு தடித்த வால்.

"ரீச்சர், இதைவிடச் சின்னன் இல்லையோ?"

"இருக்கு."

அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

அவர் வீசினார். ஜிக் ஒருதரம் தண்ணீரில் தட்டி வேகம் குறைந்தது. தூண்டில் தடியில் நூல் சுற்றியிருந்த ரீல் வேகம் குறையவில்லை. அது பாட்டுக்குச் சுழன்று நூலைத் தள்ளியது. பெருவிரலால் அதைத் தடவினாற்போல் பிடிக்கவேண்டும். பிடிக்காததால் நூல் பந்தாகச் சிக்கிக்கொண்டது. அவர் குனிந்திருந்து அவிழ்த்தார். மறுபடி வீசி இறுக்கிப் பிடித்தார். ஜிக் மேடைக்கு வெளியிலேயே பொத்தென்று அமிழ்ந்தது.

முதல் மாதம் முழுக்க இதுதான் நடந்தது. சில நாள் ஜிக் பலகையில் மோதும். வீட்டுக்குள்ளிருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள். தவயோகம் கை உயர்த்தி மன்னிப்புக் கேட்பார். பிறகு மறுபடி வீசுவார்.

ஒருநாள் தடியைக் கீழே வைத்தார்.

"எல்லாருக்கும் விரல் சொல்லும், எப்ப பிடிக்கிறது, எப்ப விடுறது எண்டு. எனக்கு ஆர் சொல்லுறது?"

"அங்கால திரும்பி இருங்கோ."

அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பின்னால் ரீல் இரையும் சத்தம் கேட்டது. தண்ணீரில் ஏதோ தட்டியது.

"எங்க போச்சு?" என்று கேட்டாள் கௌசிகா.

"எனக்கென்ன முதுகிலயோ கண்?"

"திரும்பாதேங்கோ."

மறுபடி எறிந்தாள். மறுபடி கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. வெயில் அவர் கழுத்தைச் சுட்டது. அவள் எறிந்துகொண்டே இருந்தாள். அவர் எரிச்சல்பட்டார், பிறகு தலையைச் சரித்துக் கேட்கத் தொடங்கினார்.

"பலகையில பட்டிட்டுது."

"ஓம்."

"இது உள்ளுக்குப் போயிட்டுது."

"ஓம்."

"இதுவும் போயிருக்கும். கடைசித் தட்டில நீங்கள் இறுக்கிப்போட்டியள். இரைச்சல் சட்டெண்டு நிண்டது."

அவள் எறிவதை நிறுத்தித் தடியை அவரிடம் நீட்டினாள்.

அன்றும் சிக்கியது. அடுத்த கிழமையும் சிக்கியது. ஆனால் இப்போது ரீலின் இரைச்சலைக் கேட்டு, சிக்குவதற்கு முன்னமே அவர் "சீ" என்றார். பிறகு அந்தச் "சீ"யும் குறைந்தது.

கரை மேப்பிள்கள் சிவக்கத் தொடங்கிய ஒரு நாள், ஜிக் தண்ணீரில் தட்டியது, தட்டியது, தட்டியது. பலகைக்கு அடியில் இருட்டுக்குள் போய் ஓசையில்லாமல் இறங்கியது. நூல் பக்கவாட்டில் நகர்ந்தது.

"இழுங்கோ அண்ணை!"

மீன் மேடைக் காலைச் சுற்றப் பார்த்தது. அவர் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தடியைத் தாழ்த்தி வெளியே இழுத்தார். அது மேலே பாய்ந்து தலையை உதறி மறுபடி ஆழத்துக்குப் போனது. கடைசியில் படகோரம் வந்து வாயைத் திறந்தபடி கிடந்தது.

கௌசிகா வலையை எடுத்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

"பெருவிரலை வாய்க்குள்ள விட்டு, கீழ்த்தாடையைப் பிடிச்சுத் தூக்குங்கோ."

அவர் வலது கையை நீட்டினார். தூக்கினார். மீன் பாரமாகத் தொங்கியது. ஒருதரம் உடம்பை முறுக்கி உதறிப் பார்த்தது. கழன்று போக முடியவில்லை. அரம்போன்ற சின்னப் பற்கள் உரசி அவர் விரலின் தோல் கிழிந்து இரத்தம் கசிந்தது. அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரீச்சர்," என்றார். "ஒண்டும் தெரியேல்லை. இப்பவும் எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

"உங்களுக்குத் தெரியேல்லை, அண்ணை," என்றாள் கௌசிகா. "மீனுக்குத் தெரியுது."