முப்பத்தொரு தப்புகள்

தணிகாசலத்துக்கு ஜப்பானிய மொழியில் ஆயிரத்து நூற்று நாற்பது சொற்கள் தெரியும். அவற்றில் ஒன்றைத் தவிர வேறெதையும் அவர் எந்த மனிதரிடமும் பேசியதில்லை.

திருச்சிக்கு வெளியே இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில், வேதியியல் துறையின் ஸ்டோர் கீப்பர் அவர். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு சோதனைக் குழாய்கூட அவர் கையில் குறைந்ததில்லை. பணியாளர்களும் சேரலாம் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு, தமது ஐம்பத்தேழாவது வயதில் மாலை நேர ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தார். அன்றாடப் பேச்சுக்கான பத்து மாதப் படிப்பு. உடன் படித்தவர்கள் இருபத்தொரு பேர். அத்தனை பேரும் அவருடைய மகனைவிடச் சின்னவர்கள்.

ஆசிரியை பெயர் சயூரி. ஜப்பானிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது; தமிழ் கேட்டால் புரியும், ஆனால் மாணவர்களிடம் ஆங்கிலத்திலேயே பேசுவார். வயது இருபத்தொன்பது. மாணவர்கள் அவரைச் 'சென்செய்' என்பார்கள். அவர்கள் மொழியில் ஆசிரியர் என்று பொருள். தணிகாசலம் வாய்விட்டுச் சொல்லும் அந்த ஒரு சொல் இதுதான்.

எட்டு மாதத்தில் எழுத்துத் தேர்வு ஒன்பது நடந்தது. எட்டில் தணிகாசலத்துக்கு முழு மதிப்பெண். ஒன்றில் அரை மதிப்பெண் போயிற்று. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

ஆனால் பேச அவர் முறை வந்தால் எழுந்து நிற்பார். உதடு அசையும். சத்தம் வராது. ஒரு நிமிடம் நின்றுவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

"அங்கிள், நீங்க எழுதுங்க, நாங்க பேசுறோம். பரீட்சையில மாத்திக்கலாம்" என்பான் பின் வரிசைப் பையன் ஒருவன். வகுப்பு சிரிக்கும். அவரும் சிரித்துக்கொண்டே நோட்டைத் திறப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவர் போகவில்லை.

"சென்செய், ஒரு கேள்வி."

"கேளுங்கள், தணிகாசலம் சான்." பெயரோடு 'சான்' சேர்ப்பது அவர்கள் ஊர் மரியாதை.

"எத்தனை சொல் படிச்சா தப்பே இல்லாம பேசலாம்?"

"எதற்கு அவசரம்?"

அவர் சொன்னார். மகன் கபிலன் நகோயாவில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். பெண்ணின் அப்பா வருகிற வியாழக்கிழமை திருச்சிக்கு வருகிறார், முதல் தடவையாக. கூட வரவேண்டிய கபிலனுக்கு விடுமுறை தள்ளிப்போய்விட்டது. அவன் வந்து சேரச் சனிக்கிழமை ஆகும். நடுவில் இரண்டு நாள். வீட்டில் சம்பந்தியும் இவரும்தான்.

"வீட்டில் உங்கள் மனைவி இருக்கிறாரே?"

"இருக்கா. 'நான் சமைக்கிறேன், நீங்க பேசுங்க'ன்னுட்டா."

"நல்லது. பேசுங்கள்."

"சென்செய், உங்களுக்குத் தெரியாது. எங்க அக்கா கல்யாணத்துல எங்கப்பா பந்தியில நின்னு, சம்பந்தியைப் பார்த்து 'போதுமா?'ன்னு கேட்டுட்டார். 'இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?'ன்னு கேட்டிருக்கணும். அந்த மனுஷன் இலையை மூடிட்டு எழுந்துட்டார். பாயசம்கூட வரலை அப்போ. அக்கா மறுபடி எங்க வீட்டு வாசப்படி மிதிக்க பத்தொன்பது வருஷம் ஆச்சு. அப்பா அதைப் பார்க்க இல்லை."

சென்செய் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார்.

"தாய்மொழியிலேயே அந்தக் கதி. நான் ஜப்பானிய மொழியில என்னத்தைப் போட்டு உடைப்பேனோ! அதான் கேக்கிறேன். எத்தனை சொல்?"

"நாளை காலை ஏழு மணிக்கு உழவர் சந்தைக்கு வாருங்கள்" என்றார் சென்செய். "நோட்டு கொண்டுவாருங்கள். நான் தமிழ் பேசுவேன். தப்பை எல்லாம் எண்ணி எழுதுங்கள். ஒன்றையும் விடவேண்டாம்."

எண்ணுகிற வேலை என்றதும் தணிகாசலத்துக்குத் தெம்பு வந்தது.

மறுநாள் ஆறு ஐம்பதுக்கே சந்தை வாசலில் நின்றார். அது அவருக்குப் பழகிய இடம். பதினோரு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வருவார். வலது பக்கம் நான்காவது கடை, செங்கமலத்தின் கடை. சென்செய் துணிப்பையோடு வந்து நேரே அந்தக் கடைக்கே போனதும் அவருக்கு ஆச்சரியம். மூன்றடி பின்னால் நின்று பேனாவைத் திறந்தார்.

"அக்கா, வணக்கம்! கத்தரிக்காய் வந்தாரா?"

ஒன்று.

"வந்தாரு டீச்சரம்மா, இப்பத்தான் லாரியை விட்டு எறங்கினாரு. வெண்டைக்காய் தம்பிக்குத்தான் இன்னும் விடியலை!"

"தக்காளி அண்ணன் நலமா?"

"அவருக்கு மழையில ஒடம்பு சரியில்லை. ரெண்டு நாள் கழிச்சு வாங்கிக்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சென்செய்யும் சிரித்தார். தணிகாசலத்துக்கு மட்டும் முகம் சுட்டது. தலை குனிந்து எழுதினார். இரண்டு, மூன்று. நேற்று நடந்ததற்கு 'வருவேன்' என்றார் சென்செய். நான்கு. தம் அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது 'வந்தான்' என்றார். ஐந்து. பேனாவுக்கு ஓய்வில்லை.

"அம்மாவுக்கு முட்டியில ஆபரேசன்னியே, நடக்குதா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"நடக்கிறான், அக்கா. குச்சி பிடித்து நடக்கிறான்."

"அப்பாடா! போன வாரம் நீ கண் கலங்கிட்டுப் போனியா, எனக்கு வீட்டுல போய் வேலையே ஓடலை. இந்தா, முடக்கத்தான் கீரை. காசு குடுத்தேன்னா கோவம் வரும் எனக்கு. புதன்கிழமை பேத்திக்குக் காது குத்து, சமயபுரத்துல. மறந்துடாத. நீதான் முன்னால நிக்கணும்."

"கட்டாயம் நின்றேன்!"

முப்பத்தொன்று.

அப்போதுதான் செங்கமலம் பின்னால் நின்றவரைப் பார்த்தாள்.

"இவரு உனக்குத் தெரிஞ்சவரா டீச்சரம்மா?"

"தெரியும், அக்கா."

செங்கமலம் குரலைத் தாழ்த்தினாள். அப்படியும் மூன்றடி தூரத்துக்கு நன்றாகவே கேட்டது. "நல்ல மனுசன். வாராவாரம் வருவாரு. காயைத் தொட்டுக் காட்டுவாரு, அரைன்னா ஒரு விரலை மடக்கிக் காட்டுவாரு. நானும் வெலையை விரல்லயே காட்டிருவேன். ஒரு சொத்தைக் காய் போட மனசு வராது. பாவம், வாய் பேச வராது அவருக்கு."

சென்செய் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார்.

தணிகாசலத்தின் பேனா நின்றுவிட்டது. செங்கமலம் ஒவ்வொரு வாரமும் தன்னிடம் விரல்களை விரித்துக் காட்டுவது அவள் வழக்கம் என்றே அவர் நினைத்திருந்தார். தேவையில்லாத பேச்சு இல்லை, நல்ல கடை என்று மனைவியிடமும் சொல்லியிருக்கிறார். இப்போது மறுக்க வாய் எடுத்தார். உதடு அசைந்தது. செங்கமலம் அவரைப் பார்த்துப் பரிவாகத் தலையை ஆட்டினாள்.

இருவரும் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள்.

"எத்தனை?" என்றார் சென்செய், மறுபடி ஆங்கிலத்தில்.

"முப்பத்தொன்று."

நோட்டை வாங்கி வரிசையாகப் படித்தார் சென்செய். இரண்டு இடத்தில் விளக்கம் கேட்டார். அம்மாவை 'வந்தான்' என்று சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இந்தப் பக்கத்தை எனக்குக் கிழித்துத் தருவீர்களா? படிக்கவேண்டும்."

அவர் கிழித்துக் கொடுத்தார். ஸ்கேல் வைத்து, ஓரம் பிசிறாமல்.

"செங்கமலம் அக்கா எத்தனை எண்ணியிருப்பார்?"

தணிகாசலம் யோசித்தார். "அவங்க எண்ணலை, சென்செய். அவங்க உங்களுக்குப் பழகினவங்க. சம்பந்தி அப்படியா? புது மனுஷர். ஒரு சொல் தப்பா விழுந்தா..."

"ஒரு சொல்லும் விழாவிட்டால்?"

பேருந்து வந்தது. நின்றது. இருவரும் ஏறவில்லை. நடத்துநர் விசில் ஊதிப் போய்விட்டார்.

"அவர் ஊருக்குத் திரும்பிப் போய் மகளிடம் என்ன சொல்லுவார், தணிகாசலம் சான்?"

அவர் நோட்டை மூடி, பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். அப்புறம் திரும்பிச் சந்தைக்குள் நடந்தார். சென்செய் பின்னால் வந்தார், மூன்றடி விட்டு.

செங்கமலம் யாருக்கோ வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எதையோ மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று, 'என்ன?' என்பதுபோல் கையை விரித்தாள்.

"அம்மா."

அவள் கையிலிருந்த தராசு ஆடி நின்றது.

"என் பேரு தணிகாசலம்." குரல் கரகரத்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வியாழக்கிழமை என் சம்பந்தி வர்றாரு. ஜப்பான்லேர்ந்து. முதல் தடவை. நல்ல முருங்கைக்காய்... நல்ல முருங்கைக்காயா வேணும். பிஞ்சா இருக்கணும். அவரையும் கூட்டிட்டு வர்றேன். நீங்க பார்க்கணும்."

ஒரு மூச்சில் சொல்லிவிட்டு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

செங்கமலம் வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன் சார், பதினோரு வருசமா எங்க சார் வெச்சிருந்தீங்க இந்தக் குரலை?"

தணிகாசலம் உதவிக்குச் சென்செய்யின் பக்கம் திரும்பினார்.

"நோட்டில், அக்கா" என்றார் சென்செய்.